பசி கண்ட பூனை

"பேராசை பிடித்த பூனை" என்பது நம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி வழங்கப்படும் ஒரு தீர்ப்பு. சங்கராபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மக்காச்சோளமும் நெல்லும் மூட்டை மூட்டையாக வீட்டுக்குள்ளேயே அடுக்கப்படுவதைக் காணலாம். மூட்டை உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள வீட்டில் பூனைக்கு வேலை உண்டு. ஆகவே யாராவது ஒருவர் துணிப்பையில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து விடுகிறார். வந்த குட்டியின் முன் சோறும் மீனும் பிசைந்து வைக்கிறோம். அது தட்டின்மேல் விழுகிறது. தலையை நிமிர்த்தாமல், யாரோ பிடுங்க வருவதுபோல் உறுமிக்கொண்டே விழுங்குகிறது. தட்டு காலியான சிறிது நேரத்துக்கெல்லாம் உண்டது அத்தனையும் கூடத்துத் தரையில் கிடக்கிறது. போதாக்குறைக்கு அதையே மறுபடியும் தின்னப் பார்க்கிறது. பார்த்தவர் முகம் சுளிக்கிறார், தீர்ப்பு பிறக்கிறது.

தீர்ப்புப் பிறந்த பின் தண்டனை வர நேரமாகுமா? ஒரு வீட்டில் விளக்குமாற்றடி. இன்னொரு வீட்டில், "இரண்டு வேளை பட்டினி கிடந்தால் தானாகப் புத்தி வரும்" என்னும் வைத்தியம். மூன்றாவது வீட்டில் சாக்குப்பை. அந்தி சாயும் நேரத்தில் ஊருக்கு வெளியே ஏரிக்கரை. இவற்றைச் செய்வோர் கொடியவர்கள் அல்லர். ஈன்ற மாட்டுக்கு இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருப்பவர்கள்தாம். பசுவின் நோயை அறிந்த அளவுக்குப் பூனையின் நோயை அவர்கள் அறியவில்லை, அவ்வளவே. பூனைக்குட்டியின் அவசரம் பேராசையால் வருவதன்று என்பதும், அதை அடித்தும் பட்டினி போட்டும் மாற்ற முடியாது என்பதும், அதே சோற்றைக் கொண்டே அதை மாற்றிவிடலாம் என்பதும் என் கருத்து. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் சற்றே செவிசாய்க்க வேண்டுகிறேன். வணிகமும் வரலாறும் பயிலும் நமக்குப் பூனைக்குட்டி ஒரு பொருளா என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

பூனைக்கு உணவு ஊட்டுவது பற்றி நாம் எல்லோரும் சிறுவயதில் கேட்ட கதை ஒன்று உண்டு. தெனாலிராமன் கதை. விஜயநகரத்தில் எலித் தொல்லை பெருகியபோது கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பால் தர ஒரு பசுவும் கொடுத்தாராம். தெனாலிராமன் முதல் நாளே கொதிக்கும் பாலைப் பூனையின் முன் வைத்தான். ஆவலோடு வாய் வைத்த பூனை வெந்துபோய் ஓடியது. அன்று முதல் பாலைக் கண்டாலே பூனை பறந்தது. பால் முழுவதும் ராமனின் வீட்டாருக்கே ஆயிற்று. இக்கதையைக் கேட்டு நாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அந்தப் பூனை என்ன ஆயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? விகடகவியின் மதிநுட்பத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் அக்கதையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் பட்ட சூடு பூனையின் நினைவைவிட்டு நீங்கவில்லை. நம் மக்களும் இதை அறிந்துதான், சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்று பழமொழி சொன்னார்கள். ஒரு நாள் சூடு அவ்வளவு நாள் நினைவில் நிற்குமானால், பிறந்து நாற்பது நாளைக்குள் பட்ட பசி எவ்வளவு நாள் நிற்கும்! சூடு கண்ட பூனை அடுப்பை விட்டு ஓடுகிறது. பசி கண்ட பூனை தட்டின்மேல் விழுகிறது. இரண்டும் ஒரே பாடத்தின் இரு விளைவுகள்.

பசி எங்கே கண்டது என்று கேட்கலாம். தாய்ப்பூனை ஓர் ஈற்றில் நான்கு ஐந்து குட்டிகள் போடுகிறது. முதல் மூன்று நான்கு வாரம் பாலோடு கழிகிறது. நான்காம் வாரம் தொடங்கி எட்டாம் வாரம் வரையில் குட்டி மெல்ல மெல்லத் திட உணவுக்குப் பழக வேண்டும். அந்த எட்டு வாரமும் அது தாயோடும் உடன்பிறந்தாரோடும் இருக்க வேண்டும். நம் ஊரில் நடப்பது என்ன? கண் திறந்து நான்கு எட்டு நடந்துவிட்டால் போதும், "குட்டி வேண்டுமா?" என்று விநியோகம் ஆரம்பித்துவிடுகிறது. பையில் போகாமல் தங்கிய குட்டிகளுக்கோ ஒரே கொட்டாங்குச்சியில் சோறு. ஐந்து தலைகள் நுழையக் கொட்டாங்குச்சியில் இடமேது? முந்திய குட்டிக்குச் சோறு. பிந்திய குட்டிக்கு ஓட்டின் ஈரம். வேகமாக விழுங்கினால் உயிர் வாழலாம் என்று அந்த வயதில் கற்ற பாடத்தை, அது தனியாக ஒரு வீட்டுக்கு வந்த பின்பும் மறப்பதில்லை. போட்டியிட இப்போது எவரும் இல்லை என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

குட்டி என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தொல்காப்பிய மரபியல், குட்டி என்னும் இளமைப் பெயரை வெருகுக்கும் எலிக்கும் அணிலுக்கும் சேர்த்தே உரிமையாக்குகிறது. வெருகு என்பது காட்டுப்பூனை. தின்பதன் பிள்ளையும் தின்னப்படுவதன் பிள்ளையும் அந்த இலக்கணத்தில் ஒரே பெயரோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. கபிலரும் வெருகுக் குட்டியைக் கூர்ந்து பார்த்தவர். புறநானூற்றின் 117ஆம் பாட்டில் முல்லை அரும்புக்கு அதன் முள்போன்ற பல்லை உவமை சொல்கிறார். அவர் பெயரால் வழங்கும் குன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், தென்பெண்ணை ஆற்றிலேயே இருக்கிறது. பேருந்தில் போகும் மாணவர்கள் ஒரு நாள் இறங்கிப் பார்க்கலாம்.

அந்த முல்லை அரும்புப் பற்களில்தான் செய்தி இருக்கிறது. குட்டிக்குப் பால்பற்கள் 26. வளர்ந்த பூனைக்கு 30. இவற்றுள் ஒன்றுகூட நம் கடைவாய்ப்பல்லைப் போல் அரைக்கும் பல் அன்று. கிழிக்கவும் துண்டாக்கவும் மட்டுமே அவை பயன்படும். பூனையின் தாடை மேலும் கீழும் அசையுமேயன்றி, மாடு அசைபோடுவதுபோல் பக்கவாட்டில் அசையாது. ஆகவே "நன்றாக மென்று தின்னு" என்று பூனைக்குச் சொல்ல முடியாது. அது விழுங்கவே பிறந்தது. அப்படியானால் காட்டில் வாழும் பூனை ஏன் உண்டதைக் கக்கிக்கொண்டே திரிவதில்லை? அதன் உணவு ஒரு நேரத்துக்கு ஓர் எலியாகவோ ஒரு சிட்டாகவோ ஓர் ஓணானாகவோ வருகிறது. அதைத் தேட வேண்டும், பதுங்க வேண்டும், பாய வேண்டும். பல பாய்ச்சல் வீணாக வேண்டும். இப்படி நாளொன்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட சிறு வேளைகளாக அது உண்கிறது. வேகம் வாயில் இருந்தாலும் நிதானம் வாழ்க்கையில் இருக்கிறது. நாமோ காலையில் ஒரு குவியல், இரவில் ஒரு குவியல் என்று நம் வசதிக்கு ஏற்ப அதன் நாளை இரண்டாக மடித்துவிட்டோம். சிறு வயிற்றில் பெருங்குவியல் ஒரே மூச்சில் இறங்கினால் திரும்பி வராமல் என்ன செய்யும்?

மனிதனும் பூனையும் கூடி வாழத் தொடங்கியது நேற்றன்று. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதக் கல்லறை ஒன்றின் அருகில் பூனையின் முழு எலும்புக்கூடு புதைக்கப்பட்டிருந்ததை அகழ்வாய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இத்தனை ஆயிரம் ஆண்டு உறவுக்குப் பின்னும் அதன் பல்லும் வயிறும் வேட்டைக்காரனுடையவையாகவே இருக்கின்றன. நம் வீட்டுப் பந்திக்கு ஏற்ப அவை மாறவில்லை.

பூனைக்குட்டி கக்கினால் முதலில் நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தின்ற சிறிது நேரத்திலேயே, பெரிய குமட்டல் இன்றி, தின்றது தின்றபடியே உருண்டையாக வெளியே வந்து, குட்டியும் துள்ளிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் அவசரத்தின் வேலை. வயிறு குலுங்கக் குமட்டி, மஞ்சள் நீராகவோ நுரையாகவோ எடுத்தாலும், நாள் முழுவதும் தொடர்ந்தாலும், இரத்தம் கலந்திருந்தாலும், குட்டி சுருண்டு படுத்து ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடாவிட்டாலும் அது நோய். அங்கே தட்டை மாற்றிப் பயனில்லை. கால்நடை மருந்தகத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும். சிறு குட்டியின் உடம்பில் ஒரு நாள் பட்டினியைத் தாங்கும் சேமிப்புக்கூட இல்லை. இரண்டு வேளை பட்டினி வைத்தியம் சொல்வோர் இதை நினைவில் கொள்ளட்டும்.

வயிறு மட்டும் பானைபோல் உப்பி, முதுகெலும்பு தெரிய, எப்போதும் பசியோடு அலையும் குட்டிகளையும் பார்க்கிறோம். அவற்றின் வயிற்றில் புழு இருக்கலாம். உருளைப்புழு தாயின் பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது. ஆகவே "எங்கள் குட்டி வெளியே போனதே இல்லை" என்பது பதிலாகாது. கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரும் குடற்புழு நீக்க மருந்து இதற்குத் தீர்வு. வீட்டில் மனிதருக்கு வாங்கிய மாத்திரையைக் கிள்ளிப் போடுவது கூடவே கூடாது. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. நம் மாவட்ட எல்லையை ஒட்டித் தலைவாசல் கூட்டுரோட்டில் கால்நடைகளுக்கான பெரிய உயராய்வு வளாகத்துக்கு 2020 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கே அமைந்திருக்கிறது. சென்னை வேப்பேரிக்குப் போனால்தான் பூனைக்கு வைத்தியம் என்றிருந்த காலம் நமக்குப் போய்விட்டது.

இனி, அவசரத்தைத் தணிக்கும் வழிக்கு வருவோம். கடைகளில் இதற்கென்றே மேடும் பள்ளமுமாய்ப் பிளாஸ்டிக் தட்டு விற்கிறார்கள். அது தேவையில்லை. நம் அடுக்களையிலேயே அதைவிட நல்ல கருவி இருக்கிறது. குழிப்பணியாரச் சட்டி! ஏழு குழி உள்ள பழைய சட்டி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு தேக்கரண்டி உணவு வையுங்கள். குட்டி முதல் குழியை வழித்துவிட்டு நிமிர்கிறது. நிமிரும்போது மூச்சு விடுகிறது. அடுத்த குழியைத் தேடுகிறது. ஒரே குவியலாக வைத்தபோது ஒரு நிமிடத்தில் முடிந்த உணவு இப்போது ஐந்தாறு நிமிடம் வருகிறது. சட்டியின் கனமும் ஒரு வசதி. குட்டி தள்ளினாலும் நகராது. அம்மாவுக்குத் தெரியாமல் நல்ல சட்டியை எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். பிடி உடைந்து பரணில் கிடக்கும் சட்டியாகப் பார்த்து எடுங்கள். இன்னொன்று, அதில் வெல்லப் பணியாரத்தைப் பிட்டு வைத்துச் சோதிக்க வேண்டாம். பூனையின் நாவுக்கு இனிப்பென்ற சுவையே தெரியாது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் மரபணுச் சான்றோடு காட்டிவிட்டார்கள்.

சட்டி இல்லாத வீட்டில் இட்லித் தட்டு. அதுவும் இல்லையெனில் அகலமான தட்டு ஒன்றில் உணவை மெல்லப் பரப்பி வைத்தாலே போதும். ஆழமான கொட்டாங்குச்சியில் ஒரே கவ்வலில் வாய் நிறைய அள்ள முடிவதுபோல் தட்டையான தட்டில் அள்ள முடியாது. தட்டின் நடுவில் குட்டியின் வாயில் நுழைய முடியாத பெரிய கூழாங்கல் ஒன்றை நன்றாகக் கழுவி வைப்பதும் உண்டு. கல்லைச் சுற்றிச் சுற்றித்தான் அது உண்ண வேண்டியிருக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் மணிமுக்தா ஆற்றங்கரை ஊர்களில் கூழாங்கல்லுக்குப் பஞ்சமா?

எல்லாவற்றினும் எளிய வழி தண்ணீர். உணவில் வெதுவெதுப்பான நீர் விட்டுத் தளரப் பிசைந்து வைத்தால் குட்டி அதைக் கவ்வ முடியாது. நக்கித்தான் ஆக வேண்டும். நக்குவதில் பூனை மிகப் பெரிய கணக்காளி. அமெரிக்காவில் நான்கு விஞ்ஞானிகள் பூனை பால் குடிப்பதை அதிவேகப் படக்கருவியால் படம் பிடித்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பூனை நாக்கைக் கரண்டியாக்கி அள்ளுவதில்லை. நாவின் நுனியால் பாலின் மேற்பரப்பைத் தொட்டுச் சட்டென்று இழுக்கிறது. நூல்போல் எழும்பும் பால் கீழே விழுமுன் வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை இப்படி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் வாய்க்குள் போவது சில துளியே. இதைப் படித்தபோது எனக்குக் கம்பர் நினைவு வந்தது. இராமகாதையைப் பாடத் துணிந்த தம் ஆசையை, பாற்கடலின் கரையில் நின்று முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையின் ஆசைக்கு அவையடக்கத்தில் ஒப்பிட்டார் அவர். இத்தனை உயிர்கள் இருக்க ஏன் பூனையைத் தேர்ந்தார்? யானையைச் சொல்லியிருந்தால் அது உறிஞ்சிப் பார்க்கவாவது செய்திருக்கும். துளித் துளியாக மட்டுமே குடிக்கத் தெரிந்த உயிருக்குக் கடலளவு ஆசை என்பதில்தான் அந்த உவமையின் அழகும் அடக்கமும் இருக்கின்றன. தமிழ்த்துறை நண்பர்கள் மறுத்தால் வாதிடத் தயார்.

பாலைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: பூனைக்குப் பால் என்பது நம் பழக்கம், அதன் தேவையன்று. தாய்ப்பால் மறந்த பின் பல பூனைகளுக்குப் பசும்பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு வருகிறது. சோறு மட்டும் போட்டு வளர்ப்பதும் தவறு. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் நலியும் என்று 1987இலும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். குழம்புச் சோறு வயிற்றை நிரப்பினாலும் உடம்பு கேட்பதைத் தருவதில்லை. அதனாலேயே சில குட்டிகள் எவ்வளவு தின்றாலும் அடங்காமல் கத்துகின்றன. சந்தையிலிருந்து வரும் மீன் தலை, கோழிக்கடையில் கழிக்கும் ஈரல் துண்டு ஆகியவற்றை வேகவைத்து எலும்பும் முள்ளும் நீக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கருவாடானால் உப்புப் போக ஊறவைக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தையே கெடுப்பவை; நம் குழம்பில் அவை இல்லாத நாள் ஏது? ஆகவே பூனையின் பங்கைத் தாளிக்குமுன் எடுத்து வைத்துவிடுவது நல்லது.

அளவைக் கூட்ட வேண்டியதில்லை. வேளையைக் கூட்ட வேண்டும். இரண்டு வேளைக்கு வைப்பதையே நான்கைந்து வேளையாக, அதே இடத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில் வைக்க வேண்டும். கல்லூரிக்கு வரும் நமக்கு இயலாவிட்டால் வீட்டில் பாட்டி இருப்பார். காலையில் நாம், நடுப்பகலிலும் மாலையிலும் பாட்டி, இரவில் மறுபடியும் நாம் என்று முறை வைத்துக்கொள்ளலாம். இரண்டு குட்டி இருந்தால் இரண்டு தட்டு. ஒன்றை ஒன்று பார்க்காத தூரத்தில். பெரிய கடுவன் பூனை இருக்கும் வீட்டில் குட்டியைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சோறு வைக்க வேண்டும். தின்னும்போது முதுகைத் தடவிக் கொஞ்சாதீர்கள். பிடுங்க வந்ததாக எண்ணி அது இன்னும் வேகமாக விழுங்கும். சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அவசரத்தைக் குறைக்கிறேன் என்று உணவை எட்டாத இடத்தில் ஒளித்துவைத்து வேடிக்கை பார்ப்போரும் உளர். உழைத்துப் பெறும் உணவைப் பல விலங்குகள் விரும்புகின்றன என்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. ஆனால் கலிபோர்னியாவில் 17 வீட்டுப் பூனைகளை வைத்து ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவில், பூனைகள் பெரும்பாலும் எளிதில் கிடைக்கும் தட்டையே நாடின. புதிர்க் கருவிகளில் உணவு வைப்பது கொழுத்துச் சோம்பிய பூனைக்கு நல்ல விளையாட்டு. பசியைக் கண்டு அஞ்சிய குட்டிக்கு அதே விளையாட்டு, இங்கேயும் உணவு நிச்சயமில்லை என்ற பழைய அச்சத்தையே உறுதி செய்துவிடும். பணியாரச் சட்டியில் உணவு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எட்டாமல் இல்லை. அந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

"மனிதருக்கே சோறில்லாத நாட்டில் பூனைக்கு ஐந்து வேளையா?" என்று கேட்கப் போகும் நண்பர் ஒருவர் எப்போதும் உண்டு. அவர் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு பிடி சோறுகூட அதிகமாக நான் கேட்கவில்லை என்பது அவருக்கு என் முதல் பதில். மனிதரின் பசியைப் பார்த்தவர்களுக்குத்தான் பூனைக்குட்டியின் அவசரம் எளிதில் விளங்கும் என்பது இரண்டாவது. நான் அறிந்த மாணவர் விடுதி ஒன்றில், புதிதாக வரும் முதலாண்டு மாணவர்கள் முதல் சில வாரம் தட்டைக் கையால் வளைத்துக்கொண்டு உண்பதைக் கண்டிருக்கிறேன். மூத்தவர்கள் சிரிப்பார்கள். அப்படி உண்டவர்களில் பலர் வீட்டில் ஐந்தாறு பேரோடு ஒரே குண்டானைச் சுற்றி அமர்ந்தவர்கள். இரண்டாம் பருவம் வருவதற்குள், மணியடித்தால் சோறு உண்டு, பிந்தி வந்தாலும் உண்டு என்று தெரிந்துகொண்ட பின், அவர்களும் பேசிச் சிரித்துக்கொண்டு உண்கிறார்கள். யாரும் அவர்களுக்கு நாகரிகம் போதிக்கவில்லை. 1956இல் காமராசர் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோதும், 2022 செப்டம்பரில் காலை உணவு தொடங்கப்பட்டபோதும் பிள்ளைகளுக்குக் கிடைத்தது சோறு மட்டுமா? நாளையும் சோறு உண்டு என்ற உறுதியும் கூடக் கிடைத்தது. அந்த உறுதி ஓர் உயிரை எப்படி மாற்றும் என்பதை நம் மாநிலத்தாருக்கு வேறெவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாக்குப்பைக்காரர்களுக்கும் ஒரு சொல். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வளர்க்கும் விலங்குக்குப் போதிய உணவு தராமையையும், பசியால் வாடும்படி அதைக் கைவிடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. ஏரிக்கரையில் விடப்பட்ட ஆறு வாரக் குட்டிக்கு வேட்டையாடத் தெரியாது. கற்றுத் தரத் தாயும் இல்லை. இரண்டு நாள் கத்தும். பிறகு கத்தாது.

எங்கள் வீட்டுக்கு வந்த சாம்பல் நிறக் குட்டி, மக்காச்சோளக் களத்தில் தாயின்றிக் கிடந்தது. வந்த புதிதில் சட்டியில் வைத்த ஏழு குழியையும் ஒரே குழிபோல் பாவித்து, ஓடி ஓடி விழுங்கியது. நான்காம் நாள் கக்குவது நின்றது. முதல் வாரம் முழுவதும் உறுமல் மட்டும் குறையவில்லை. "இதற்கு இரக்கப்பட்டு என்ன பயன், பிறவிக் குணம்" என்றார் அப்பா. பாட்டி ஒன்றும் சொல்லாமல் நேரத்துக்குச் சட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, நான் மாலையில் வந்து பார்த்தபோது ஆறு குழிகள் காலியாக இருந்தன. ஏழாவது குழியில் ஒரு மீன் துண்டு அப்படியே கிடந்தது. எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. குட்டி வாசற்படியில் உட்கார்ந்து, முன்னங்காலை நக்கி நக்கி நிதானமாக முகம் கழுவிக்கொண்டிருந்தது.